தலைவருக்கு மிஞ்சிய சொல்

ஸ்கூல் டீச்சர் இல்லீங்க. பார்த்தா அப்படித்தான் தெரியும், எல்லாரும் சொல்வாங்க. நான் பேச்சுப் பயிற்சி குடுக்கறவ. பக்கவாதம் வந்து சில பேருக்குப் பேச்சு போயிருமில்லீங்க, அவங்களுக்கு மறுபடியும் பேசச் சொல்லிக் குடுக்கற வேலை. கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில இருக்கேன்.

நீங்க பொள்ளாச்சி வரைக்குமா? நான் கிணத்துக்கடவுலயே இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம். பேச்சு போனா மனுசனுக்கு எல்லாமே போச்சான்னு கேட்டீங்களே, அப்படி யாரும் எங்கிட்டக் கேட்டதில்லை. எங்கப்பாகிட்டச் சொல்ல வழியில்லை. ஆஸ்பத்திரியில சொல்லவும் பயம். உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனால சொல்றேன்.

நிஜப் பேரெல்லாம் சொல்ல மாட்டேனுங்க. தலைவருக்கு மருதாசலம்னு வெச்சுக்குங்க. அவர் தம்பிக்குக் குப்புராஜ். கட்சி பேரு வேண்டாம். பெரிய கட்சியில்லை. காடு தோட்டத்தை எடுக்க வர்றாங்கன்னா முன்னால போய் நிக்கற கட்சி. ஆனா தலைவர் பேசறார்னா சொந்தக் கட்சிக்காரன், எதிர்க் கட்சிக்காரன், ஓட்டே போடாதவன்னு எல்லாரும் வந்து நிப்பாங்க. அந்தப் பேச்சுதான் கட்சி. வேற ஒண்ணும் கிடையாது அதுக்கு. எங்கப்பா மில்லுல வேலை பார்த்தவரு. ஷிஃப்ட் முடிச்சு சைக்கிள்லயே போய்க் கேட்டுட்டு வந்து, சோத்துல கையை வெச்சுட்டு, கேட்டதை அப்படியே எங்களுக்குப் பேசிக் காட்டுவாரு. சோறு ஆறிப் போயிரும்.

போன தை மாசம் ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குக் கார் கொண்டுட்டு வந்தாங்க. பெரியவர் ஒருத்தரை வீட்டுக்கு வந்து பாக்கணும்னாங்க. எங்க பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காம, "போயிட்டு வாங்க, ஒண்ணும் கேக்காதீங்க"ன்னாரு. நானும் ஒண்ணும் கேக்காம கார்ல ஏறிட்டேன்.

தென்னந்தோப்புக்குள்ள வீடு. கேட்டுல ஒருத்தர் எவர்சில்வர் தட்டை நீட்டினாரு, கோயில்ல காணிக்கைக்கு நீட்டற மாதிரி. போனை அதுல வெக்கணுமாம். வெச்சேன். உள்ள போனா கட்டில்ல தலைவரு. ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தாங்க, தலைவர் நாட்டு நன்மைக்காக மௌன விரதம் இருக்காருன்னு. எங்கப்பா அந்தப் போஸ்டரைப் பார்த்துட்டுத் தானும் காலையில கொஞ்ச நேரம் பேசாம உட்காருவாரு. விரதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வலது கை தொங்கிப் போச்சு. வாய் கோணலா. நான் வணக்கம் சொன்னேன். அவர், "சரி சரி"ன்னாரு.

தண்ணி வேணுங்களான்னேன். "சரி சரி." உங்க பேரு சொல்லுங்கன்னேன். "சரி சரி." அவர் சம்சாரம் ருக்குமணியம்மா பக்கத்துல நின்னாங்க. இவங்க யாருங்கன்னு கேட்டேன். அந்தம்மாவைப் பார்க்கறாரு, வாயைத் திறக்கறாரு, கண்ணு கலங்குது, "சரி... சரி." அந்த ஒரு சொல்லுதான் மிஞ்சியிருந்துது. ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, கோவம் வந்தாலும் சரி. நாம சொல்றது அவருக்கு நல்லாப் புரியும். வார்த்தை வர்ற வழிதான் அடைச்சுப் போச்சு.

இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஒண்ணு இருக்குதுங்க. மனசுல ஊறிப்போன சாமி பாட்டு, வாய்ப்பாடு, கெட்ட வார்த்தை, இதெல்லாம் சில சமயம் அப்படியே வந்துரும். தண்ணின்னு சொல்ல வராது, ஆனா பாட்டு முழுசா வரும். இவருக்கு என்ன ஊறியிருக்கும்னு யோசிச்சேன். எங்கப்பா சோத்துத் தட்டுக்கு முன்னால பேசிக் காட்டுனது ஞாபகம் வந்துச்சு. அவர் இடது உள்ளங்கையில தாளம் மாதிரி தட்டிக்கிட்டே மெதுவா எடுத்துக் குடுத்தேன். "வேர்வை சிந்தி..."

நிமிர்ந்து உட்கார்ந்தாருங்க.

"வேர்வை சிந்தி விளைவிக்கும் என் சொந்தங்களே. வணக்கம் சொல்ல வரவில்லை நான். உங்களை வணங்கிவிட்டுப் போக வந்திருக்கிறேன். இந்த மண் உங்கள் தாய். தாயை விலை பேசுகிறவனுக்குப் பிள்ளை என்று பேரில்லை."

ஒரு எழுத்து குழறலை. ஜன்னல் கம்பி அதிர்ந்துச்சு. சமையல்கட்டுல இருந்து எல்லாரும் ஓடி வந்து அழறாங்க. ருக்குமணியம்மா அவர் காலைப் பிடிச்சுட்டாங்க. நிலைப்படியில ஒருத்தர் வந்து நின்னாரு, வெள்ளைச் சட்டை, ஒல்லியா. அவர் அழலை. சிரிச்சாரு. அதுதான் குப்புராஜ். கட்சியில பொதுச் செயலாளர், ஆனா மேடையில நாலு வார்த்தை பேச மாட்டாரு. வீட்டுலயும் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. அவர் பேசறதைக் கேக்கறதுக்கு நாமதான் கிட்டப் போகணும். அதுவே எனக்கு ஒரு பயம்.

"டீச்சர், கட்சி மாநாடு வருது, அதுக்குள்ள சரியாயிருமா?"

நான் விவரமாச் சொன்னேன். இது பேச்சு இல்லீங்க, பாட்டு மாதிரி உள்ள தங்கியிருக்கறது, நிஜப் பேச்சு வர நெம்ப நாளாகும்னேன்.

"கூட்டத்துக்கு அது போதுமில்லீங்களா?" அப்படீன்னாரு.

அப்புறம் தோப்புக்குள்ள நடந்துக்கிட்டே கேட்டாரு. "அந்தப் பாட்டோட வால்ல ஒரு வரி ஒட்ட முடியுமா டீச்சர்? சின்ன வரிதான். 'எனக்குப் பின்னால் என் தம்பி.' அவ்வளவுதான்."

முடியுமான்னு கேட்டா முடியுங்க. தினமும் கையைத் தட்டித் தட்டிச் சொல்ல வெச்சா ஒட்டிக்கும். ஆனா நான், "அவருக்கு அதுல சம்மதமான்னு..."னு இழுத்தேன்.

"அண்ணன்கிட்டயே கேளுங்களேன். என்ன சொல்லுவார்? சரிம்பாரு." அப்படிச் சொல்லிட்டுத் தென்னைமட்டை ஒண்ணை எடுத்து ஓரமாப் போட்டாரு. "உங்கப்பா கருமத்தம்பட்டியில பகல்லெல்லாம் தனியா இருக்காருங்களாமா. வயசானவரு. துணைக்கு வாசல்ல ரெண்டு பசங்களை இருக்கச் சொல்லியிருக்கேன். நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க."

எங்கப்பா பேரோ ஊரோ நான் அவர்கிட்டச் சொன்னதேயில்லை.

அன்னைக்கு வீட்டுக்குப் போனா, வாசல்ல நிஜமாவே ரெண்டு பேர், பிளாஸ்டிக் சேர் போட்டு. எங்கப்பாவுக்குத் தலைகால் புரியலை. "ஜெசி, தலைவர் வீட்டுல இருந்து எனக்கு ஆள் அனுப்பியிருக்காங்க பாரு. பேப்பர் வாங்கிட்டு வந்து படிச்சுக் காட்டறான், டீ வாங்கித் தர்றான்"கறாரு. அதுல ஒருத்தன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நான் உள்ள போய்க் கதவைத் தாழ் போட்டேன். தாழ் போட்டு என்னங்க, எங்கப்பா திறந்து வெச்சுட்டு அவனுங்களுக்கு முறுக்கு எடுத்துக் குடுத்தாரு.

அதனால சொல்லிக் குடுத்தேன். வேற என்ன பண்றது? எனக்கு அரசியல் தெரியாதுங்க. நான் வார்த்தை சொல்லிக் குடுக்கறவ. எந்த வார்த்தைன்னு சொல்றவங்க வேற.

தலைவருக்கு அந்த வரி பிடிக்கலை. அது எனக்கு முதல் நாளே தெரிஞ்சு போச்சு. "எனக்குப் பின்னால்" வரைக்கும் வருவாரு. அதுக்கு மேல என் கையில இருந்து அவர் கையை உருவிக்குவாரு. செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. நான் மறுபடியும் கையை எடுத்துத் தட்டணும். தட்டுனா வாய் தானாச் சொல்லிரும், அதுதான் கொடுமை. வாய் "என் தம்பி"ன்னு சொல்லும், கண்ணு என்னைத் திட்டும். சொல்லி முடிச்சதும் அவருக்கே அசிங்கமாயிரும். இப்படி ஒரு முகத்தை நான் எந்த நோயாளிகிட்டயும் பார்த்ததில்லீங்க. குப்புராஜ் தினமும் நிலைப்படியில வந்து நின்னு கேப்பாரு. தலையை மெல்ல ஆட்டிட்டுப் போயிருவாரு.

ருக்குமணியம்மா ஒரு நாள் பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு, அந்தச் சத்தத்துல எங்கிட்டச் சொன்னாங்க. "தம்பி கையில கட்சி போனா, தோட்டத்தை எடுக்க வர்றவங்க கூடயே சேர்ந்துருவான் டீச்சர். இவருக்கு அது தெரியும். படுத்த படுக்கையாகறதுக்கு முன்னால தம்பியோட அதுக்குத்தான் சண்டை. சண்டையிலதான் விழுந்தாரு."

"நான் என்னம்மா பண்ண முடியும்"னேன்.

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க. அவருக்கு மறுக்கறதுக்கு ஒரு வார்த்தை இல்லை."

முடியாதுன்னுட்டு வெளிய வந்துட்டேன். ஆனா முயற்சி பண்ணாம இல்லீங்க. குப்புராஜ் வெளிய போயிருந்த நேரமாப் பார்த்து, மெதுவா உதட்டசைச்சுக் காட்டினேன். வேண்டாம். வரலை. எத்தனை நாள் பண்ணினாலும் "சரி சரி"தான். மேடையில நின்னுட்டு எத்தனை பேருக்கு முடியாது, விடமாட்டோம்னு சொன்ன வாய் அது. ஒரு வேண்டாம் வரலை.

அது சோத்துலதான் வந்துச்சுங்க. மதியம் ருக்குமணியம்மா ரசம் சாதம் ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்தம்மாவுக்கு அன்னைக்கு என்ன யோசனையோ, தட்டு காலியாகக் காலியாகப் போட்டுக்கிட்டே இருக்காங்க. அவரும் "சரி சரி"ன்னு முகத்தைத் திருப்பறாரு. அந்தம்மா விடலை. மறுபடியும் கரண்டியைக் கொண்டு வந்தப்போ, இடது கையைத் தட்டு மேல மறைச்சு வெச்சு, "போ... போதும்"னாரு.

கரண்டி அப்படியே நின்னு போச்சு. மூணு பேரும் நிலைப்படியைப் பார்த்தோம். நல்லவேளை, யாருமில்லை.

இதை நல்லாக் கேட்டுக்குங்க, அது பாட்டு இல்லீங்க. அவரா நினைச்சு, அவரா எடுத்துச் சொன்ன வார்த்தை. அதுக்கப்புறம் நாங்க அதை வளர்த்தோம். சோத்துக்குப் போதும். ஃபேனுக்குப் போதும். நான் கையைத் தட்டி "எனக்குப் பின்னால்"னு ஆரம்பிச்சா, அதுக்கும் போதும்பாரு. சொல்லிட்டுச் சின்னப் புள்ளை மாதிரி சிரிப்பாரு. நான் அவர் வாயைப் பொத்தாத குறை. குப்புராஜ் வர்ற சத்தம் கேட்டா மறுபடியும் பாட்டுக்குப் போயிருவோம். நான் அதை மாநாட்டுக்காகச் சொல்லிக் குடுக்கலை. சோத்துக்குத்தான் சொல்லிக் குடுத்தேன். கடவுள் மேல ஆணையாச் சொல்றேன்.

மாநாடு காங்கேயத்துக்கிட்ட ஒரு பெரிய திடல்ல. சாயங்கால வெயில். அத்தனை ஜனத்தை நான் பார்த்ததில்லீங்க. மௌன விரதம் முடிச்சுத் தலைவர் பேசறாருன்னு ஊர் ஊரா வண்டி கட்டிட்டு வந்திருந்தாங்க. மேடைக்குப் பின்னால துணி மறைப்பு, அதுக்குள்ள நானும் ருக்குமணியம்மாவும். விரதத்துல உடம்பு தளர்ந்து போச்சுன்னு சொல்லித் தலைவரைச் சக்கர நாற்காலியில உட்கார வெச்சிருந்தாங்க, அதுக்கு நேர் பின்னால நான் நிக்கணும். திக்குனா முதல் எழுத்தை எடுத்துக் குடுக்கணும். அதான் உத்தரவு.

"முன் வரிசையில பாருங்க டீச்சர்"னு குப்புராஜ் துணியைச் சித்த விலக்கிக் காட்டுனாரு. எங்கப்பா. கழுத்துல கட்சித் துண்டு. அந்தப் பசங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கத்துலயும். எங்கப்பா சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. "நல்ல இடமாப் பிடிச்சுக் குடுத்திருக்கேன்"னாரு குப்புராஜ்.

நான் போய் நாற்காலிக்குப் பின்னால நின்னேன்.

மைக்கைக் கொண்டு போய்த் தலைவர் வாய்க்கிட்டப் பிடிச்சதும் குப்புராஜ்தான். நான் எடுத்துக் குடுக்கவே வேண்டியிருக்கலை. கூட்டத்தைப் பார்த்ததும் தானா வந்துருச்சு. "வேர்வை சிந்தி விளைவிக்கும் என் சொந்தங்களே." ஐயோ, அந்தச் சத்தம். திடல் முழுக்க எந்திரிச்சு நின்னுருச்சு. வணங்கிவிட்டுப் போக வந்திருக்கிறேன்னப்போ பொம்பளைங்கெல்லாம் அழறாங்க. தாயை விலை பேசுகிறவன்னப்போ துண்டைச் சுத்தறாங்க. அவருக்குத் தன் சம்சாரம் பேரு சொல்ல வராதுன்னு அங்க யாருக்குத் தெரியும்?

அப்புறம், "எனக்குப் பின்னால்."

அதோட நிறுத்திட்டாரு.

கூட்டத்துச் சத்தமும் நின்னுருச்சு. குப்புராஜ் கண்ணு மட்டும் பின்னால திரும்பி என்னைப் பார்க்குது. எடுத்துக் குடுங்கற மாதிரி. நான் வாயைத் திறக்கலை. தைரியம்னு நினைச்சுக்காதீங்க. இத்தனை பேருக்குப் பேசச் சொல்லிக் குடுத்தவளுக்கு ஒரு எழுத்து வரலை.

தலைவர் மெல்லத் தம்பி பக்கம் திரும்பினாரு. அவர் முகத்துக்கு நேராப் பார்த்து, "போதும்"னாரு. மைக்குல நல்லா விழுந்துச்சு. இடது கையை மறைச்ச மாதிரி வெச்சு மறுபடியும், "போதும்."

ருக்குமணியம்மா என் தோளைப் பிடிச்சாங்க. எனக்கு எங்கப்பா கழுத்துத் துண்டு மட்டும்தான் தெரியுது.

குப்புராஜ் ஒரு நிமிசம் தலையைக் குனிஞ்சு நின்னாரு. முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாரு. அந்த மனுசனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?

"கேட்டீர்களா? போதும் என்கிறார் என் அண்ணன். வாழ்நாளெல்லாம் உங்களைச் சுமந்த தோள், போதும் என்கிறது. எனக்குப் பின்னால் யார் என்று சொல்ல வந்தவருக்கு, என்னைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. பாசம் தொண்டையை அடைக்கிறது. போதும்டா தம்பி, இனி நீ சுமந்துக்கோ என்கிறார். நான் சுமக்கட்டுமா?"

"சுமங்க"ன்னு திடலே கத்துச்சு.

தலைவர் தலையை ஆட்டறாரு, "போதும், போதும்"கறாரு. "பாருங்கள், மறுபடியும் சொல்கிறார்"னாரு குப்புராஜ். அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் இன்னும் கத்துது. அந்த ஒரு வார்த்தைக்கு நாங்க பட்ட பாடு, அது ஒவ்வொண்ணும் தம்பிக்கு மாலையாப் போய் விழுகுது. அப்புறம் மைக்கை நகர்த்திட்டாங்க. நான் நின்ன இடத்துல இருந்து பார்த்தா அவர் தாடை மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துது. ருக்குமணியம்மா சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. எங்கப்பா நாற்காலி மேல ஏறி நின்னு கை தட்டறாரு.

திரும்பறப்போ குப்புராஜ் கார்லயேதான் கொண்டு வந்து விட்டாங்க. முன் சீட்டுல அவர். பின்னால நானும் அப்பாவும். எங்கப்பா வாய் ஓயலை. "ஒரே வார்த்தையில முடிச்சாரு பாத்தியா ஜெசி? போதும்! இதுக்கு மேல ஒருத்தன் என்ன பேசணும்? தம்பியும் சும்மா இல்லை, என்னா பேச்சு"ங்கறாரு. சொல்லிட்டு அப்படியே தூங்கிட்டாரு.

அதுக்காகத்தான் குப்புராஜ் காத்திருந்தாரு போல. அப்புறம், திரும்பிப் பார்க்காமயே, "நல்ல வார்த்தை டீச்சர். நான் கேட்டதைவிட நல்ல வார்த்தை. யாரு யோசனை?"

"யாரும் இல்லீங்க. அது தானா வரும் சில பேருக்கு. சாப்பாட்டுல..."

"சாப்பாட்டுல"ன்னாரு. அவ்வளவுதான். இறங்கறப்போ, காலையில வாங்கி வெச்சிருந்த என் போனைத் தானே கையில குடுத்தாரு.

அதுக்கப்புறம் ருக்குமணியம்மா ஒரே ஒரு தடவை போன் பண்ணினாங்க. இப்பெல்லாம் தலைவருக்குச் சோறு போடறது தம்பி வெச்ச ஆளுங்களாம். அவர் கையைத் தூக்கறதுக்கு முன்னாலயே தட்டை எடுத்துர்றாங்களாம். போதும்னு சொல்றதுக்கு இடமே குடுக்கறதில்லையாம். வாங்க டீச்சர்னு கூப்பிட்டாங்க. நான் பார்க்கறேன்னு சொல்லி வெச்சுட்டேன். எப்படிங்க போறது? எங்க வாசல்ல அந்தச் சேர் ரெண்டும் இன்னும் அங்கயேதான் இருக்குது.

இப்ப எங்க போறேன்னு பார்க்கறீங்களா? குப்புராஜ் வீட்டுக்குத்தான். ஊர் ஊராப் பேசிப் பேசிக் குரல் கட்டிப் போச்சு அவருக்கு. எப்படிப் பேசறதுன்னு யாரும் சொல்லிக் குடுக்காததால, எல்லாத்தையும் தொண்டையிலயே பேசறாரு. கார் அனுப்பறேன்னாரு, வேண்டாங்க பஸ்ஸுலயே வர்றேன்னுட்டேன். போன தடவையே வயித்துல இருந்து மூச்செடுக்கச் சொல்லிக் குடுத்தேன். ஒரு வரி முடிஞ்சதும் உடனே அடுத்ததுக்குப் போகாதீங்க, சித்த நின்னீங்கன்னா மீதியைக் கூட்டமே சொல்லிரும்னு சொன்னேன். சட்டுனு பிடிச்சுக்கிட்டாருங்க. எனக்கு வாய்ச்சதுலயே அவர்தான் நல்ல மாணவர். நோயாளின்னா எனக்கு எல்லாரும் ஒண்ணுதானுங்களே.

பயமா? இப்பெல்லாம் பயமில்லீங்க.

இந்தா வந்துருச்சு, கிணத்துக்கடவு. சித்த வழி விடுங்க, பையை எடுத்துக்கறேன். வேண்டாங்க, உங்க பேரை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. எந்த ஊருன்னும் சொல்ல வேண்டாம். இன்னைக்கு பஸ்ஸுல யாரோட பேசிட்டு வந்தீங்கன்னு அவர் கேப்பாரு. அவர் மெதுவாக் கேட்டா, எனக்குச் சொல்லாம இருக்கத் தெரியாதுங்க.